கறுப்பு மண்ணும் ஒரு தவறான பதிலும்

பேரையூர்ப் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டத்தில், உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். "உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு அறிவியல் கற்பித்தல்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஜன்னல் திட்டில் நான் மூன்று கண்ணாடித் தம்ளர்களை வைத்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மூன்றும் நேற்று இரவு வீட்டில் கலக்கி வைத்தவை. ஒன்றில் கரிசல் மண்ணும் வெறும் தண்ணீரும். இரண்டாவதில் அதே கரிசல், ஆனால் தண்ணீரில் ஒரு கரண்டி சலவை சோடா. மூன்றாவதில் சாப்டூர்ப் பக்கம் மலையடிவாரத் தோப்பிலிருந்து எடுத்த செம்மண், அதிலும் சலவை சோடா. அவை அப்படியே இருக்கட்டும், கடைசியில் பார்ப்போம்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் மண் பற்றிப் பாடம் நடத்தினேன். இலைதழை மட்கி மண்ணோடு சேர்ந்தால் மண் கருமையாகும், கறுத்த மண் வளமான மண் என்று சொல்லிக்கொண்டு போனேன். மறுநாள் ஒரு மாணவி மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் அப்பாவின் மண்வள அட்டை. "சார், எங்க மண்ணு கருகருன்னு இருக்கும். இதுல கரிமம் குறைவுன்னு போட்டிருக்கு. எங்க அப்பா எது நெசம்னு கேட்டு வரச் சொன்னாரு" என்றாள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் அட்டையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "கரிசல்ல எப்படிம்மா குறைவா இருக்கும்? மாதிரி மாறிப்போயிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். மரியாதையாகக் கைகூப்பிவிட்டுச் சொன்னார்: "அட்டையைப் பாத்துட்டு இந்தக் கோடையில கிடை போடலாம்னு ஆட்டுக்காரங்ககிட்டப் பேசி வச்சிருந்தேன் சார். நீங்க மண்ணுல கொறை இல்லைன்னு சொல்லிவிட்டீங்கன்னு பாப்பா சொல்லுச்சு. வேணாம்னுட்டேன். அந்தக் காசு வேற செலவுக்கு ஆச்சு." நன்றி சொல்லத்தான் வந்திருந்தார்.

அன்று இரவு அந்த அட்டையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நம் நாட்டில் மண்ணின் கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி என்று வகைப்படுத்துகிறார்கள். அவர் நிலம் குறைவில் இருந்தது. அட்டை சரி, நான்தான் தவறு. நம் கரிசல் நிலங்கள் பலவற்றில் மட்கு குறைவுதான். வெயில் கடுமை, மழை கொஞ்ச நாள், அறுத்த தட்டையையும் மாட்டுக்கு எடுத்துவிடுகிறோம். மண்ணுக்குத் திரும்புவது கொஞ்சம், அதுவும் வேகமாகச் சிதைந்து காற்றோடு போகிறது.

அப்படியானால் ஏன் இவ்வளவு கறுப்பு? இந்தக் கேள்விதான் என்னை மண்ணுக்குள் இழுத்தது. நான் வேதியியல் படித்தவன். ஆனால் மண்ணை வேதியியலாகப் பார்த்ததில்லை.

இதற்கு விடை தேடக் கரிசல் காட்டில் தொடங்குவதைவிட மலையடிவாரத்தில் தொடங்குவது எளிது. சாப்டூருக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை ஐப்பசி மழைக்குப் பின் பார்த்திருக்கிறீர்களா? பாறைக் குழிகளில் சருகு விழுந்து ஊறிய தண்ணீர் வரத் தேநீர் போல நிற்கும். அந்தப் பழுப்பு நிறம் சருகிலிருந்து இறங்கியது. செல்லுலோஸ், லிக்னின், டானின் எல்லாவற்றையும் பூஞ்சையும் பாக்டீரியாவும் உடைக்கும்போது பலவகைக் கரிம அமிலங்கள் உண்டாகின்றன. ஆக்சாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம் போன்ற சிறியவை உண்டு. ஃபுல்விக், ஹியூமிக் என்று பெயரிட்டு வழங்கும் பழுப்பு நிறக் கலவைகளும் உண்டு. மழைநீர் இவற்றைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அதே அடிவாரத்தில் தோப்புக் கிணற்றை எட்டிப் பாருங்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும். மேலே தேநீர், கீழே தெளிநீர். இடையில் நிறம் எங்கே போயிற்று?

பெரும்பங்கு களியில் ஒட்டிக்கொண்டது. களி என்று நான் சொல்வது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய தாதுத் துகள்களை. மணலும் களியும் இரண்டும் பொடி செய்த கல்தானே என்று நினைக்கக் கூடாது. கரிசலில் மிகுதியாக இருப்பது மாண்ட்மோரிலோனைட் இனத்துக் களி. அது தாள் தாளாக அடுக்கிய கட்டமைப்பு உடையது. தண்ணீர் பட்டால் தாள்களுக்கு இடையே நீர் புகுந்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் நம் காடு பாளம் பாளமாக வெடிப்பது அதனால்தான். அந்த வகைக் களியில் ஒரு கிராமை எடுத்து, எல்லாத் தாள்களின் பரப்பையும் கூட்டினால் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். நம் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது? ஆண்கள் கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஆக 130 சதுர மீட்டர். ஒரு சிட்டிகைக் களிக்குள் ஐந்து கபடி ஆடுகளங்கள்! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். செம்மண்ணில் பொதுவாகக் காணப்படும் கயோலினைட்டுக்குப் பரப்பு மிகக் குறைவு, கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர்தான். வகுப்பறை அளவுகூட இல்லை.

இவ்வளவு பரப்பு இருப்பதால் ஒட்டுவதற்கு இடம் இருக்கிறது, சரி. ஆனால் ஒட்ட வேண்டுமே. இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது அதே மாணவி மறுபடி கை தூக்கினாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. "சார், களிக்கு எதிர் மின்சுமைன்னு சொன்னீங்க. அமிலம் ஹைட்ரஜன் அயனியை விட்டுட்டா மிச்சம் இருக்கறதும் எதிர் மின்சுமைதான். ஒத்த மின்சுமை விலக்கும்னு படிச்சோமே. எப்படி சார் ஒட்டும்?"

இந்த முறை நான் "உக்காரு" என்று சொல்லவில்லை. "தெரியலம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி. மாண்ட்மோரிலோனைட் படிகத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று நேர்மின்சுமை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான். அந்தக் குறை தாளின் மேல் எதிர் மின்சுமையாக நிலைத்து நிற்கிறது. கரிம அமிலங்களின் கார்பாக்சில் தொகுதியும் கரிசல் போன்ற காரத்தன்மை உள்ள மண்ணில் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர் மின்சுமையோடுதான் நிற்கும். இரண்டும் விலகத்தான் வேண்டும். விலகாமல் பிடித்து வைப்பது நடுவில் நிற்கும் கால்சியம். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்சுமை. ஒரு கையால் களியையும் மறு கையால் அமிலத்தையும் பிடித்துக்கொள்கிறது. நம் கரிசலில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. உழும்போது கொழுவில் இடறும் சுக்காங்கல் எல்லாம் கால்சியம் கார்பனேட்தான். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பெரிய மூலக்கூறுகள் இன்னொரு வகையிலும் ஒட்டுகின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு, வாண்டர்வால்ஸ் விசை போன்றவை ஒவ்வொன்றும் வலுவற்றவை. ஆனால் நீண்ட மூலக்கூறு ஒன்று நூறு இடங்களில் தொட்டுக்கொண்டிருந்தால், நூறு இடமும் ஒரே நேரத்தில் விட்டால்தான் அது கழன்று வரும்.

நம் பாட்டிமார் இந்தக் கால்சியப் பாலத்தைப் பெயர் தெரியாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் படிந்துவிடும். அந்த விதையிலிருந்து வருவது கார்பாக்சில் தொகுதிகள் கொண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். அவையும் எதிர் மின்சுமை உடையவைதான். தண்ணீரில் உள்ள கால்சியத்தின் துணையோடு களித் துகள்களைக் கோத்து, கனமான திரளாக்கி, அடியில் இறக்கிவிடுகின்றன. கொட்டை கிடைத்தால் வகுப்பில் செய்து பாருங்கள். ஒரு தம்ளரில் உரசியும் இன்னொன்றில் உரசாமலும் வைத்துப் பார்த்தால் ஒரு பாடவேளைக்குள் வேறுபாடு தெரியும்.

இப்போது கறுப்புக்கு வருவோம். கரிசலில் மட்கு குறைவாக இருந்தாலும், இருக்கிற கொஞ்சமும் இந்தப் பெரிய பரப்பின் மேல் மெல்லிய பூச்சாகப் பரவி இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு கரண்டி மையை ஓரிடத்தில் குவித்து வைப்பதற்கும் ஒரு வேட்டி முழுக்கத் துவைத்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் கலந்த இரும்புத் தாதுக்களும் இந்த நிறத்துக்குக் காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. எப்படியானாலும் கறுப்பு என்பது மட்கின் அளவைக் காட்டும் அளவுகோல் அல்ல. நான் அந்த வகுப்பில் சொன்ன வாக்கியம் இந்த ஊரில் நின்று சொல்லக்கூடாத வாக்கியம்.

இறுகப் பற்றியிருக்கிறது என்பதை எப்படிச் சோதிப்பது? பற்றிய கையை எடுத்துவிட்டுப் பார்ப்பதுதான் வழி. அதற்குத்தான் சலவை சோடா. சோடாவில் இருப்பது சோடியம் கார்பனேட். கார்பனேட் கால்சியத்தைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். கால்சியத்தின் இடத்துக்குச் சோடியம் வரும். சோடியத்துக்கு ஒரே ஒரு நேர்மின்சுமை, அதாவது ஒரே ஒரு கை. களியைப் பிடித்தால் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தைப் பிடித்தால் களியை விட வேண்டும். பாலம் உடைந்து பழுப்பு நிறம் தண்ணீருக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் மட்கைப் பிரித்தெடுக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான். 1786 இல் ஃபிரான்ஸ் கார்ல் ஆச்சார்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சதுப்பு நிலத்தின் கரிமண்ணைக் காரத்தில் கரைத்து இதைச் செய்து காட்டினார். நாம் இன்று மளிகைக் கடைச் சோடாவைக் கொண்டு செய்கிறோம்.

இதே வேலையை நிலத்திலும் சோடியம் செய்கிறது. களர் நிலம் பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, கலங்கலாகவே நிற்கும். சில இடங்களில் காய்ந்த பின் கரிய ஏடு படிந்திருக்கும். சோடியம் மிகுந்து களி பிரிந்து மட்கு கரைந்து மேலே வந்த ஏடு அது. அந்த நிலத்துக்கு விவசாயிகள் ஜிப்சம் போடுகிறார்களே, ஜிப்சம் என்ன? கால்சியம் சல்பேட். இரண்டு கை உள்ளவரைத் திரும்ப அழைத்து வருகிறார்கள். "களர் நிலத்துக்கு ஜிப்சம்" என்பதை மதிப்பெண் வினாவாகப் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். ஏன் என்று நானும் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

செம்மண்ணின் கதை வேறு. அதில் களியின் பரப்பு குறைவு, கால்சியமும் குறைவு. ஆனால் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. அந்தச் சிவப்பே அதுதான். இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாக இருக்கும். கரிம அமிலத்தின் கார்பாக்சில் வந்து ஹைட்ராக்சிலை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்ளும். இடையில் பாலம் எதுவும் தேவையில்லை. மண்ணில் நடக்கும் பிடிப்புகளில் மிக வலுவானவற்றுள் இது ஒன்று. மலையடிவாரக் கிணற்றில் தண்ணீர் தெளிந்திருப்பதில் இரும்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை வகுப்பில் புரியவைக்க நான் பித்தளைச் சொம்பையும் புளியையும் எடுத்துப்போவேன். கறுத்த பித்தளையில் புளி தேய்த்தால் பளபளக்கும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடிலிருந்து உலோக அயனியைப் பற்றி இழுத்துக்கொண்டு வருகிறது. கரிம அமிலங்களுக்கு உலோகத்தின் மேல் அப்படி ஒரு பிடி. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் பர்மாங்கனேட்டோடு நாம் தரம்பார்க்கும் ஆக்சாலிக் அமிலம் துருக்கறை நீக்குவதும் இந்தப் பிடியால்தான்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் வருகிறது. அமிலம் இரும்போடு ஒட்டுகிறது என்றேன். அதே அமிலம் இரும்பைப் பிடுங்கிக்கொண்டும் போகிறது என்கிறேன். இரண்டும் உண்மை. காட்டு மரத்தின் வேரும் வேரோடு வாழும் பூஞ்சையும் ஆக்சாலிக், சிட்ரிக் அமிலங்களைக் கசியவிடுகின்றன. இரும்போடு பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவித்து எடுத்துக்கொள்வதற்காக. அப்படிப் பூட்டைத் திறக்கும்போது, இரும்பைப் பற்றியிருந்த பழைய மட்கும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக்கி விடுகின்றன. 2015 இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் ஓர் ஆய்வு வந்தது. செயற்கை வேர் வழியாக மண்ணுக்குள் வெவ்வேறு பொருள்களைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். நுண்ணுயிருக்கு நல்ல தீனி குளுக்கோஸ், ஆக்சாலிக் அமிலம் அவ்வளவு நல்ல தீனி இல்லை. ஆனாலும் பழைய கார்பனை அதிகம் வெளியேற்றியது ஆக்சாலிக் அமிலம்தான், களியின் பிடியை அது உடைத்ததால்.

ஒரு காலத்தில் மட்கு நீண்ட நாள் நிலைப்பதற்குக் காரணம் அது சிக்கலான மூலக்கூறு, நுண்ணுயிரால் கடிக்க முடியாதது என்று எழுதினார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். 2011 இல் மைக்கேல் ஷ்மிட் உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் அந்தக் கருத்தை மாற்றி எழுதினார்கள். எளிதில் செரிக்கும் பொருள்கூட நுண்ணுயிருக்கு எட்டாத இடத்தில் ஒட்டியிருந்தால் நூற்றாண்டுக்கணக்கில் இருக்கும். கடினமான பொருள் கையில் கிடைத்தால் சில ஆண்டுகளில் போய்விடும். பொருளின் குணத்தைவிட அது எங்கே, எதோடு இருக்கிறது என்பது முக்கியம். இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. உலக மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன் கரிமக் கார்பன் இருக்கிறது. வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கார்பனைவிட இது அதிகம். அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருப்பது நான் இவ்வளவு நேரம் சொன்ன இந்தக் கைகள்தான்.

நம் ஊருக்குத் திரும்பி வருகிறேன். களியும் மட்கும் ஒட்டிய துகள் மலையிலிருந்து மழையோடு இறங்கினால் எங்கே போகும்? ஓடை வழியாகக் கண்மாய்க்கு. அங்கே தண்ணீர் நிதானப்பட்டதும் அடியில் படியும். அதுதான் வண்டல். கோடையில் அனுமதி வாங்கி வண்டல் அடித்துப் போடுகிறார்களே, களியையும் மட்கையும் ஒட்டிய நிலையிலேயே சேர்த்து அள்ளி வருகிறார்கள். மணற்பாங்கான செவலுக்கு இது பொன். கரிசலுக்கு வண்டலின் களியால் பெரிய பயன் இல்லை, அதனிடம் களி ஏற்கெனவே நிறைய. கபடி ஆடுகளங்கள் இருக்கின்றன, ஆட ஆள் இல்லை. அதற்கு வேண்டியது எருவும் கிடையும் தழையும். அந்த மாணவியின் அப்பாவிடம் மறு ஆண்டு இதை நான் நேரில் போய்ச் சொன்னேன். தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். "ஒரு வருசம்தானே சார்" என்று சிரித்தார். மானாவாரி நிலத்தில் ஒரு வருசம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செய்து பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மண் எடுக்கக் காட்டுக்குள் போகாதீர்கள். சாப்டூர்ப் பக்கத்துக் காடு பாதுகாக்கப்பட்ட பகுதி. காட்டை ஒட்டிய தோப்புகளில் உரிமையாளரைக் கேட்டு, சருகை விலக்கி, இரண்டு விரல் ஆழத்தில் எடுத்தால் போதும். சலவை சோடாவைப் பிள்ளைகள் கையால் அள்ள வேண்டாம், கரண்டி கொடுங்கள். கண்ணில் படக்கூடாது. சோடா ஊற்றிய கரிசல் எளிதில் தெளியாது, அதைப் பார்த்து சோதனை தோற்றது என்று நினைத்துவிட வேண்டாம். களி பிரிந்து மிதக்கிறது என்பதே ஒரு முடிவுதான். வடிதாள் இருந்தால் வடிகட்டிப் பாருங்கள். தொடக்கநிலை ஆசிரியர்கள் அயனி, கார்பாக்சில் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை உள்ளவர், இரண்டு கை உள்ளவர் என்று பிள்ளைகளையே வரிசையில் நிறுத்தி விளையாட வைக்கலாம். என் பள்ளியில் ஆறாம் வகுப்பு அதை என்னைவிட நன்றாக நடத்துகிறது.

இப்போது எல்லோரும் ஜன்னல் பக்கம் வாருங்கள். முதல் தம்ளரில் மண் படிந்து மேலே தண்ணீர் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கிறது, பாருங்கள். இரண்டாவது இன்னும் கலங்கல். மூன்றாவது, அந்தத் தோப்பு மண், வடிகட்டினால் ஓடைக் குழியில் பார்த்த அதே தேநீர். வடிதாளும் புனலும் இங்கே இருக்கின்றன. இந்தப் பொட்டலத்தில் ஜிப்சம். யாராவது ஒருவர் இரண்டாவது தம்ளரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்குங்கள். மற்றவர்கள் நேரம் பாருங்கள்.